பஞ்சசீலம் பழகத் தொடங்குபவருக்கு

பௌத்தத்தின் பக்கம் வருகிறவர்களில் பலர் தியானத்தின் வழியாகத்தான் வருகிறார்கள். கண்ணை மூடி உட்கார்ந்து மூச்சைக் கவனிக்க ஆரம்பித்த நாலைந்து நாளில் ஒன்று தெரியவரும். முந்தின நாள் யாரிடமோ சுள்ளென்று சொன்ன வார்த்தை முன்னால் வந்து நிற்கும். அதை ஒதுக்கினால், போன மாதம் மறைத்து வைத்த ஒரு விஷயம் எட்டிப் பார்க்கும். உட்காரும் முறை சரியில்லையோ என்று விரிப்பை மாற்றுவோம், நேரத்தை மாற்றுவோம். நானும் மாற்றிக்கொண்டே இருந்தேன். கோளாறு உட்காராத மீதி நேரத்தில் இருக்கிறது என்று புரிய எனக்கு வெகுநாள் பிடித்தது.

நல்ல சீலங்களால், அதாவது நல்லொழுக்கங்களால், என்ன பயன் என்று சீடர் ஆனந்தர் ஒருமுறை புத்தரிடம் கேட்டார். சொர்க்கம் கிடைக்கும் என்றோ புகழ் வரும் என்றோ புத்தர் சொல்லவில்லை. பின்னால் நினைத்து வருந்த வேண்டியது இல்லாமல் போவதே பயன் என்றார். அதனால் என்ன பயன் என்று ஆனந்தர் மேலும் மேலும் கேட்க, பதில் ஒன்றிலிருந்து ஒன்றாக நீள்கிறது. வருத்தம் இல்லாத மனதில் மகிழ்ச்சி பிறக்கும். மகிழ்ச்சியில் உடல் தணியும். தணிந்த உடலில் சுகம். அந்தச் சுகத்தில் மனம் ஒருமுகப்படும். சீலம், சமாதி (மன ஒருமை), பஞ்ஞை (மெய்யறிவு) என்று வரிசைப்படுத்தும்போது சீலம் முதலில் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

இல்லறத்தில் இருந்துகொண்டே ஐந்து சீலங்களையும் பழக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரும்பாலும் இலங்கை, தாய்லாந்து போன்ற நாடுகளில் வழங்கும் தேரவாத மரபின் பாலி நூல்களையும் அவற்றின் உரைகளையும் ஒட்டியே சொல்லியிருக்கிறேன்.

முதலில் அந்த வாக்கியத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

"பாணாதிபாதா வேரமணீ ஸிக்காபதம் ஸமாதியாமி." முதல் சீலத்தின் பாலி வாக்கியம் இது. உயிரைப் போக்குவதிலிருந்து விலகி நிற்றல் என்னும் பயிற்சிப் படியை நான் மேற்கொள்கிறேன் என்று பொருள். 'கொல்லாதே' என்று மேலிருந்து யாரும் ஆணையிடவில்லை. 'ஸிக்காபதம்' என்றால் பயிற்சிப் படி. 'ஸமாதியாமி' என்பது தன்மை வினைமுற்று. நானாக எடுத்துக்கொள்கிறேன் என்கிறது. இந்த இலக்கணம் மனதில் பதிந்தாலே பாதி பயம் போய்விடும். நீச்சல் பழகுகிறவர் நாலு வாய் தண்ணீர் குடிக்காமல் பழக முடியாது. பயிற்சி என்றால் தவறுவதும் சேர்ந்துதான்.

மற்ற நான்கும் இதே அச்சில் அமைந்தவை. கொடுக்காததை எடுப்பது, தகாத காமம், பொய், மதியை மயக்கும் மதுவகைகள் ஆகியவற்றிலிருந்து விலகி நிற்பது.

இதைவிட விரிவான பட்டியல் ஒன்றும் உண்டு. அதற்கு நமக்குப் பாலி தேவையில்லை, மணிமேகலையிலேயே நல்ல தமிழில் இருக்கிறது. உடம்பில் தோன்றுபவை கொலை, களவு, காமத் தீவிழைவு. சொல்லில் தோன்றுபவை பொய், குறளை, கடுஞ்சொல், பயனில்சொல். உள்ளத்தில் தோன்றுபவை வெஃகல், வெகுளல், பொல்லாக் காட்சி. குறளை என்றால் கோள் சொல்வது. வெஃகல், பிறர் பொருளுக்கு ஆசைப்படுவது. பொல்லாக் காட்சி, தவறான கண்ணோட்டம். உடம்புக்கு மூன்று, வாய்க்கு நான்கு என்ற அந்தக் கணக்கை நினைவில் வையுங்கள். பழக ஆரம்பித்த பிறகு அது ஏன் என்று தானே விளங்கும்.

அப்புறம், வாய்விட்டுச் சொல்லி எடுத்துக்கொள்ளுங்கள்

"நான் கொலை செய்வதில்லை, திருடுவதில்லை. எனக்கு எதற்கு இந்த விரதம்?" புதிதாக வருகிறவர்கள் இதைக் கட்டாயம் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சூழ்நிலை வரும்போது அந்தக் கணத்தில் யோசித்து விலகுவது ஒன்று, முன்கூட்டியே ஏற்றுக்கொண்டதால் விலகுவது இன்னொன்று என்று உரைநூல்கள் பிரித்துச் சொல்கின்றன. இரண்டுக்கும் இலங்கையில் நடந்ததாக ஆளுக்கொரு கதையும் சொல்கின்றன.

சக்கணன் என்ற சிறுவனின் தாய்க்கு நோய். முயல் இறைச்சி வேண்டும் என்றார் வைத்தியர். அண்ணன் இவனை வயலுக்கு அனுப்பினான். இளம்பயிரைத் தின்றுகொண்டிருந்த முயல் ஒன்று ஓடப் பார்த்து, கொடியில் சிக்கிக் கத்தியது. அதைக் கையில் பிடித்தவன், என் தாயின் உயிருக்காக இன்னொரு உயிரைப் போக்குவது எப்படித் தகும் என்று நினைத்து, போய்ப் புல்லும் தண்ணீரும் அனுபவி என்று விட்டுவிட்டான். இது முதல் வகை. இன்னொருவர் ஒரு பிக்குவிடம் சீலம் ஏற்றுக்கொண்டவர். காணாமல்போன மாட்டைத் தேடி மலையேறியபோது மலைப்பாம்பு அவரைச் சுற்றிக்கொண்டது. கையில் கூரிய கத்தி இருந்தது. வெட்டிவிடலாம் என்று முதலில் நினைத்தவர், குருவிடம் ஏற்ற சீலம் நினைவுக்கு வந்ததும் கத்தியைக் காட்டுக்குள் வீசிவிட்டார். பாம்பு அவரை விட்டுவிட்டுப் போனது என்கிறது கதை. உங்களையும் என்னையும் மலைப்பாம்பிடம் யாரும் சோதிக்கப் போவதில்லை. ஆனால் ஏற்ற வாக்கு நெருக்கடியான நேரத்தில் நினைவுக்கு வரும் என்பதை நான் பலமுறை பார்த்துவிட்டேன். வாக்கு இல்லாதபோது நினைவுக்கு வருவது சாக்குதான்.

எடுத்துக்கொள்ளும் முறை எளிது. விகாரையில் ஒரு பிக்கு சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லலாம். அது முடியாவிட்டால் வீட்டிலேயே காலையில் அமைதியாக உட்கார்ந்து, புத்தம், தம்மம், சங்கம் மூன்றையும் சரணடையும் வரிகளை மும்முறை சொல்லிவிட்டு ஐந்தையும் சொல்லலாம். சரணம் சொல்ல உங்களுக்கு இன்னும் மனம் வராவிட்டால் சீலங்களை மட்டும் எடுத்துக்கொள்வதிலும் குறை இல்லை என்பது என் கருத்து. பாலியில் நாக்கு புரளாவிட்டால் தமிழிலேயே சொல்லுங்கள். என்ன ஏற்கிறோம் என்று தெரிந்து ஏற்பதுதான் முக்கியம்.

பிக்குவிடம் சீலம் வேண்டிக் கேட்கும் வாக்கியத்தில் 'விஸும் விஸும் ரக்கணத்தாய' என்று சில இடங்களில் சேர்த்துச் சொல்வார்கள். தனித்தனியாகக் காப்பதற்காக என்று பொருள். ஒன்று உடைந்தால் மற்ற நான்கும் சேர்ந்து உடைந்துவிடாது என்ற ஏற்பாடு அது. திபெத்திய மரபில் ஒன்றை மட்டுமோ இரண்டை மட்டுமோ ஏற்கவும் இடம் உண்டு. ஐந்தும் மலைப்பாகத் தோன்றினால் அப்படித் தொடங்குங்கள்.

எறும்பும் தண்ணீரும்

வினை என்று நான் சொல்வது சேதனையை, அதாவது மனத்தின் முனைப்பை என்றார் புத்தர். அதை வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு சீலத்தையும் பார்க்க வேண்டும். கொலை என்று ஆவதற்கு உரைநூல்கள் ஐந்து அங்கங்களைச் சொல்கின்றன: ஓர் உயிர் இருக்க வேண்டும், அது உயிர் என்று தெரிந்திருக்க வேண்டும், கொல்லும் எண்ணம் வேண்டும், முயற்சி வேண்டும், அதனால் அது சாக வேண்டும். நடக்கும்போது தெரியாமல் காலடியில் ஒன்று நசுங்கிப் போனால் சீலம் உடையவில்லை. வருத்தப்படலாம், குற்றவுணர்வில் மூழ்க வேண்டாம்.

இந்தச் சீலத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தது கை கழுவும் தொட்டி. குழாயைத் திறக்கப் போகும்போது தொட்டியின் ஓட்டைக்குப் பக்கத்தில் ஓர் எறும்பு ஊர்ந்துகொண்டிருக்கும். முன்பெல்லாம் கை தானாகக் குழாயைத் திருப்பிவிடும். சீலம் எடுத்த பிறகு கை ஒரு கணம் நின்றது. ஒரு துண்டுக் காகிதத்தை அதன் முன்னால் வைத்தேன். அது மீசையால் விளிம்பைத் தடவிப் பார்த்தது, திரும்பியது, மறுபடி வந்து ஏறியது. பத்து நொடிதான் ஆகியிருக்கும். அன்று எறும்பு பிழைத்தது. என் கைக்கும் நிற்கத் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது. வேறொரு நாள் கோபத்தில் கையை ஓங்கியபோது அதே நிறுத்தம் வந்தது. சின்ன உயிரிடம் ஏன் பழக வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இறைச்சி சாப்பிடலாமா என்ற கேள்விக்கு எல்லா மரபிலும் ஒரே பதில் இல்லை. தனக்காகக் கொல்லப்பட்டதைப் பார்த்தாலோ, கேட்டாலோ, சந்தேகப்பட்டாலோ அந்த இறைச்சியைப் பிக்கு ஏற்கக் கூடாது என்பது பாலி நூல்களின் விதி. மகாயான நூலான லங்காவதார சூத்திரம் இறைச்சியை முற்றிலும் மறுக்கிறது, சீன மரபுத் துறவிகள் சைவ உணவே உண்கிறார்கள். எந்தப் பக்கம் நின்றாலும், அதை வைத்து அடுத்தவரின் தட்டைப் பார்த்து முகம் சுளிக்காமல் இருப்பதும் பயிற்சியில் சேர்த்திதான்.

கொடுக்காததும் தகாததும்

இரண்டாவது சீலம் 'திருடாதே' என்பதைவிட நுட்பமானது. கொடுக்கப்படாததை எடுக்காமல் இருப்பது என்கிறது. வேலை செய்யும் இடத்தின் பேனா பையில் வருவது, இரவல் வாங்கிய புத்தகம் நம் அலமாரியிலேயே தங்கிவிடுவது, இன்னொருவர் சொன்ன யோசனையை நம்முடையதாகச் சொல்வது எல்லாம் இங்கே வரும். ஒரு வாரம் வீட்டைச் சுற்றிப் பார்த்து, திருப்பித் தர வேண்டியவற்றை ஓரிடத்தில் எடுத்து வையுங்கள். பிறகு கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுத்துவிட்டுத் திரும்பி நடக்கும்போது தோளிலிருந்து ஏதோ இறங்கிய மாதிரி இருக்குமே, ஆனந்தருக்குப் புத்தர் சொன்ன வருத்தமின்மை அதுதான்.

மூன்றாவதைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. இன்னொருவரோடு வாழ்க்கையைப் பகிர்பவர், பெற்றோர் பாதுகாப்பில் இருப்பவர் ஆகியோரிடம் நெருங்குவதைச் சூத்திரங்கள் தெளிவாக விலக்குகின்றன. விருப்பம் இல்லாதவரை வற்புறுத்துவதும், துணைக்குத் தெரியாமல் ஏமாற்றுவதும் இந்தச் சீலத்தை உடைப்பவையே. இந்த ஆசையால் யாருடைய நம்பிக்கை நொறுங்கும் என்று கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும்.

வாயை வைத்துப் பழகுங்கள்

எங்கிருந்து தொடங்குவது என்று யாராவது கேட்டால் நான்காவதைத்தான் காட்டுவேன். கொல்லவும் திருடவும் வாய்ப்பே வராத நாள் இருக்கும், பேசாத நாள் இருக்காது.

புத்தர் ஒருநாள் தன் மகன் ராகுலர் இருந்த இடத்துக்குப் போனார். உரைநூலின் கணக்கில் ராகுலருக்கு அப்போது 7 வயது. இருக்கை போட்டு, கால் கழுவத் தண்ணீர் வைத்தார் ராகுலர். புத்தர் கால் கழுவிவிட்டுப் பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீரை மிச்சம் வைத்தார். இந்தக் கொஞ்சம் தண்ணீர் தெரிகிறதா என்று கேட்டார். தெரிந்தே பொய் சொல்ல வெட்கப்படாதவரின் துறவு இவ்வளவுதான் என்றார். அந்தத் தண்ணீரையும் கொட்டிவிட்டு, அவர் துறவு இப்படிக் கொட்டப்பட்டது என்றார். பாத்திரத்தைக் கவிழ்த்து, இப்படிக் கவிழ்ந்தது என்றார். நிமிர்த்தி, இப்படி வெறுமையானது என்றார். விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்ல மாட்டேன் என்று பழகு, ராகுலா, என்று முடித்தார். இது பழைய பாடம். பொய்யைப் பற்றி ராகுலருக்குச் சொன்ன அறிவுரையைப் பிக்குகளும் இல்லறத்தாரும் அடிக்கடி கேட்க வேண்டும் என்று கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே அசோகர் பைராட் கல்வெட்டில் பெயர் சொல்லிப் பரிந்துரைத்திருக்கிறார்.

பழகும் வழி இது. பேசும் முன் ஐந்தைப் பாருங்கள் என்கிறது ஒரு சூத்திரம்: சரியான நேரமா, உண்மையா, மென்மையாக வருகிறதா, பயன் உண்டா, அன்போடு சொல்கிறேனா. வாயால் பேசும்போது ஐந்தையும் பார்க்க நேரம் இருக்காது. ஆகவே கைப்பேசியில் பழகுங்கள், அங்கே எழுதியதை அனுப்பாமல் வைத்திருக்க முடியும். பதில் தட்டச்சு செய்துவிட்டுக் கட்டைவிரலை எடுத்துவிடுங்கள். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்து மூன்று மூச்சு விட்டபின் மறுபடி படியுங்கள். 'உண்மையைத்தானே சொல்கிறேன்' என்று தோன்றும். உண்மை என்பது ஐந்தில் ஒன்றுதான். அந்த வரியில் ஒரு சொல் வெறுமனே குத்துவதற்காக உட்கார்ந்திருக்கும். அதை மட்டும் அழித்துவிட்டு அனுப்புங்கள். என் அனுபவத்தில் முக்கால்வாசிச் சமயம் அந்த ஒரு சொல்தான் பிரச்சினை.

முதல் வாரம் பொய்யை மட்டும் கவனியுங்கள், 'வந்துகொண்டே இருக்கிறேன்' என்று வீட்டுக்குள் இருந்தே சொல்வது உட்பட. அடுத்த வாரம் கோள். இங்கே ஒரு எளிய விதி: பக்கத்தில் இல்லாதவரைப் பற்றி, அவர் இருந்தாலும் இதே குரலில் சொல்வேனா என்று பாருங்கள்.

கொஞ்சம் குடித்தால் என்ன?

ஐந்தாவதில் பேரம் பேசாதவர் இல்லை. என் பதில், பயிற்சிக் காலத்திலாவது வேண்டாம் என்பதே. மது ஏன் விலக்கப்பட்டது என்பதை அந்த வாக்கியமே சொல்கிறது. அது பமாதத்துக்கு, அதாவது அசட்டைக்கு இடம் கொடுக்கிறது. மற்ற நான்கையும் காக்கும் காவலாளி விழிப்பு. ஐந்தாவது அந்தக் காவலாளியைத் தூங்க விடாமல் பார்த்துக்கொள்கிறது.

பிக்குகளுக்கு மதுவிலக்கு விதி எப்படி வந்தது என்று அவர்களுடைய விதிகளின் தொகுப்பான விநய நூல் சொல்கிறது. சாகதர் என்ற பிக்கு தன் ஆற்றலால் கொடிய நாகம் ஒன்றை அடக்கினார். கோசாம்பி நகர மக்கள் மகிழ்ந்துபோய், வீட்டுக்கு வீடு அவருக்குத் தெளிந்த மதுவைக் கொடுத்தார்கள். அவரும் குடித்துவிட்டு நகர வாசலில் விழுந்தார். பிக்குகள் தூக்கி வந்து, புத்தர் பக்கம் தலை இருக்கும்படி கிடத்தினார்கள். அவர் புரண்டு, புத்தர் பக்கம் காலை நீட்டிப் படுத்துக்கொண்டார். இவர் முன்பு மரியாதையோடு இருந்தவர்தானே, நாகத்தோடு போரிட்டவர்தானே என்று கேட்டார் புத்தர். ஆம் என்றார்கள். இப்போது ஒரு தண்ணீர்ப் பாம்போடாவது இவரால் போரிட முடியுமா என்று கேட்டார். முடியாது என்றார்கள். அதன்பின்தான் விதி வந்தது. தேரவாதப் பிக்குகளின் 227 விதிகளில் பெரும்பாலானவற்றுக்கு விநயம் இப்படி ஒரு சம்பவத்தைச் சொல்கிறது. யாரோ தவறியபோது, அந்தத் தவறை வைத்து வந்தவை அவை.

தொழிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு ஆகிய ஐந்தையும் விற்கும் வணிகம் உபாசகருக்கு, அதாவது இல்லறத்தில் இருக்கும் பௌத்தருக்கு, தகாது என்கிறது சூத்திரம். இவற்றில் ஒன்றில் இருப்பவர் நாளைக்கே வேலையை விட்டுக் குடும்பத்தைத் தெருவில் நிறுத்த வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். வெளியே வரும் வழியை இன்றைக்கே தேடத் தொடங்கலாம்.

இரவில் ஐந்து நிமிடம்

கண்ணாடி எதற்கு என்று அதே ராகுலரிடம் புத்தர் கேட்டார். பார்ப்பதற்கு என்றார் ராகுலர். அதுபோல உடலால், சொல்லால், மனதால் செய்வதைச் செய்யும் முன்பும், செய்யும்போதும், செய்த பின்பும் பார்க்கச் சொன்னார். இது எனக்குத் துன்பம் தருமா, பிறருக்குத் தருமா, இருவருக்கும் தருமா?

தொடக்கத்தில் செய்த பின்புதான் நமக்குத் தெரியவரும். ஆகவே அங்கிருந்தே ஆரம்பியுங்கள். படுக்கும் முன் விளக்கைக் குறைத்துவிட்டு, காலையிலிருந்து நாளை மெல்ல ஓட்டிப் பாருங்கள். எங்காவது நெஞ்சில் சுருக்கென்றால் அங்கே நில்லுங்கள். ஒரு சின்ன நோட்டில் ஒரே ஒரு வரி எழுதுங்கள். 'நான் மோசமானவன்' என்று எழுத வேண்டாம், அது கவனிப்பு ஆகாது. 'மதியம், பசியோடு இருந்தபோது, அவர் கேட்டதற்கு எரிந்து விழுந்தேன்' என்று எழுதுங்கள். இரண்டு வாரம் ஆனதும் திருப்பிப் படித்தால் பசி, அவசரம், தூக்கமின்மை என்று சுற்றிச் சுற்றி அதே ஆட்கள் வருவது தெரியும். அப்போதுதான் 'செய்யும்போது' கவனிப்பது கைகூடும். 'செய்யும் முன்' அதற்கும் பிறகு.

தவறு தென்பட்டால் அதைக் குருவிடமோ நல்ல நண்பரிடமோ வெளிப்படுத்தச் சொல்கிறது அந்தச் சூத்திரம். தவறு இல்லாவிட்டால் அந்த மகிழ்ச்சியோடு இரவும் பகலும் பயிற்சியில் இரு என்கிறது. இந்த இரண்டாவது பாதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நன்றாகப் போன நாளில் சந்தோஷப்படுவதும் பயிற்சியின் பகுதி, அதையும் எழுதுங்கள்.

உடைந்தால்

உடையும். மூன்றாம் நாளோ முப்பதாம் நாளோ ஒன்று உடையும். தந்தை பிம்பிசாரரைக் கொன்ற அஜாதசத்துரு புத்தர் முன் வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, தவற்றைத் தவறென்று கண்டு, முறைப்படி ஒப்புக்கொண்டு, இனிக் காத்துக்கொள்வது இந்த நெறியில் வளர்ச்சி என்றே புத்தர் சொன்னார். செய்தது செய்யாததாக ஆகிவிடும் என்று அவர் சொல்லவில்லை. வருந்துவதால் செய்த செயல் மாறாது, இனி அதை விடு, மனதை மைத்திரியால், அதாவது எல்லா உயிரிடமும் கொள்ளும் அன்பால், நிரப்பு என்பது இன்னொரு சூத்திரத்தின் அறிவுரை.

ஆகவே செய்ய வேண்டியது மூன்று. யாரையாவது காயப்படுத்தியிருந்தால் அவரிடம் போய், 'ஆனால்' சேர்க்காமல் மன்னிப்புக் கேளுங்கள். திருப்பித் தரக்கூடியது இருந்தால் தாருங்கள். அன்று இரவே உடைந்த சீலத்தின் வாக்கியத்தை மறுபடி சொல்லி எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு, அடுத்த வாரத்துக்கு என்று தள்ள வேண்டாம். தள்ளும் இடைவெளியில்தான் 'ஏற்கெனவே உடைந்துவிட்டதே' என்று இன்னும் நாலு காரியம் நடக்கும்.

பழகியவர்களுக்குச் சூத்திரங்கள் சொல்லும் ஒரு பெருமையையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஐந்து சீலங்களையும் காப்பவர் கணக்கற்ற உயிர்களுக்கு அபயம் தருகிறார் என்று அவற்றை ஐந்து பெரும் தானங்களாகப் புத்தர் சொன்னார். கையில் காசே இல்லாதவரும் தரக்கூடிய தானம் அது. இந்த மனிதர் அடிக்க மாட்டார், எடுக்க மாட்டார், ஏமாற்ற மாட்டார் என்று தெரிந்த இடத்தில் மற்றவர்கள் உடம்பைத் தளர்த்தி உட்காருவார்கள். வீட்டில் ஒருவர், இதுவரை உங்களிடம் சொல்லப் பயந்திருந்ததை ஒருநாள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவார். அன்றைக்கு நோட்டில் அதை எழுதி வையுங்கள்.

உபோசத நாள்

மூன்று நான்கு மாதம் ஐந்தும் ஓரளவு கைக்கு வந்தபின், மாதத்தில் ஒருநாள், உபோசதம் என்னும் நோன்பு நாளில், அட்டசீலம், அதாவது எட்டுச் சீலங்கள், எடுத்துப் பாருங்கள். பௌர்ணமி நாள் வசதி. அமாவாசையும் இரண்டு அட்டமிகளும்கூட உண்டு. அன்று மூன்றாவது சீலம் முழுப் பிரமசரியமாக மாறும். அதோடு இன்னும் மூன்று சேரும்: நண்பகலுக்குப் பிறகு மறுநாள் விடியும்வரை உணவு இல்லை, ஆட்டம், பாட்டு, வேடிக்கை, மாலை, நறுமணம், அலங்காரம் இல்லை, உயர்ந்த, ஆடம்பரமான படுக்கை இல்லை. தண்ணீர் குடிக்கலாம். உடல்நலக் காரணத்தால் வேளை தவறாமல் சாப்பிட வேண்டியவர்கள் உணவு பற்றிய சீலத்தை விட்டுவிட்டு மற்றவற்றை எடுத்துக்கொள்ளட்டும்.

முதல் தடவை மாலையில் பசியைவிடக் கை பரபரப்பதுதான் பெரிதாகத் தெரியும். திரையைத் திறக்க விரல் தானாகப் போகும். கை கழுவும் தொட்டியின் முன் நின்ற அதே நிறுத்தத்தை அங்கேயும் கொண்டுவாருங்கள். இருட்டியதும் தரையில் பாயை விரித்து, கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்கார்ந்து மூச்சைக் கவனியுங்கள். விடிந்ததும் ஐந்து சீலங்களையும் மறுபடி சொல்லிவிட்டுக் காலை உணவுக்கு எழுந்திருக்கலாம்.